பெயர் மாறினால் கடமை மாறுமா?

பெயர் பொருளைக் காட்டுதற்கு உரியது, மறைத்தற்கு உரியதன்று. வேலை கொடுப்போன் தன் கடமையினின்று நழுவுதற்காக வேலையாளின் பெயரை மாற்றுவானாயின், அது சொல்லால் செய்யும் களவேயாகும். அக்களவு அமெரிக்க நாட்டில் பட்டப்பகலில் நடைபெறுகின்றது.

வேலையிழந்தவனும் அவன் மனைவி மக்களும் பட்டினி கிடத்தலாகாது என்று, அந்நாட்டில் முதன்முதலாகச் சட்டம் இயற்றிய மாநிலம் விசுகான்சின், ஆண்டு 1932. 1935ஆம் ஆண்டின் குமுகப் பாதுகாப்புச் சட்டம் அவ்வறத்தை நாடெங்கும் பரப்பியது. காலாண்டொன்றில் 1,500 தாலரேனும் கூலி கொடுக்கும் தொழில் நிறுவனம் ஒன்றிய அரசுக்கு வேலையின்மை வரி செலுத்துதல் வேண்டும். ஆள் ஒன்றுக்கு, ஆண்டின் முதல் 7,000 தாலர்க் கூலிக்கு 6 விழுக்காடு வரி. மாநில வரியை உரிய நாளில் செலுத்தினோர்க்கு 5.4 விழுக்காடு வரை கழிவு உண்டு. கழிவு முழுமையும் கிடைப்பின் எஞ்சுவது 42 தாலரே. மாநில வரியேனும் மலையோ? கலிபோர்னியாவில் அதன் உச்ச அளவே 6.2 விழுக்காடு; அதுவும் முதல் 7,000 தாலருக்கு மட்டுமே. ஓராளுக்கு ஓராண்டிற்கு 434 தாலர்!

இக்கடமையையும் இதுபோன்ற பிறவற்றையும் தட்டிக்கழிக்கக் கண்ட சூழ்ச்சியே பெயர் மாற்றம். 'தொழிலாளி' என்றால் வரி உண்டு. 'தற்சார்பு ஒப்பந்தக்காரர்' என்றால் இல்லை. "வேண்டும்பொழுது வண்டியோட்டும் தன்னுரிமை அவர்க்கு உண்டே" என்பர் நிறுவனத்தார். கட்டணத்தை வகுப்பவர் யார்? நிறுவனத்தார். செயலியின் கதவை அடைத்து ஓட்டுநரை நொடியில் வெளியே தள்ளுபவர் யார்? அவரே. பிடி அவர் கையில். தன்னுரிமை ஓட்டுநர் பெயரில்!

கலிபோர்னியத் தலைமை முறைமன்றம் 2018ஆம் ஆண்டு இதற்கொரு உரைகல் தந்தது. வேலையாள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டிற்கு உட்படாதவரா? அவர் வேலை நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்குப் புறம்பானதா? அவர் தமக்கெனத் தனித்தொழில் நடத்துபவரா? மூன்றிற்கும் 'ஆம்' என்றால்தான் அவர் ஒப்பந்தக்காரர். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் வாளாவிருந்தனவா? இருபது கோடித் தாலருக்கு மேல் செலவிட்டு, அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் மக்கள் வாக்கெடுப்பில் தம் ஓட்டுநர்க்கு மட்டும் விலக்குப் பெற்றன. தொழிலாளி என்னும் ஒரு பெயரைத் தாராமைக்கு இத்துணைப் பெருஞ்செலவு!

அவ்வாண்டே பெருந்தொற்று வந்தது. ஊர்கள் அடங்கின, ஓட்டங்கள் நின்றன. ஓட்டுநர்க்கெனக் காப்பீட்டு வரி செலுத்தப்படவில்லை. ஆகவே வழக்கமான உதவியும் இல்லை. ஒன்றிய அரசே தனித்திட்டம் வகுத்துப் பொதுப்பணத்திலிருந்து அவர்களுக்கு வழங்கிற்று. வருவாய் நிறுவனத்திற்கு; சுமை ஊருக்கு! இதற்குப் பெயரோ தன்னுரிமை?

ஆயினும் சட்டம் விழித்தால் சூழ்ச்சி தோற்கும். நியூ செர்சி மாநிலத் தொழிலாளர் துறை கணக்கை ஆய்ந்து, ஓட்டுநர்க்குரிய காப்பீட்டுப் பங்கைக் கேட்டது. 2022ஆம் ஆண்டு ஊபர் நிறுவனம் பத்துக் கோடித் தாலர் செலுத்தியது.

ஏட்டில் எழுதிய பெயரைப் பார்த்து வரி வாங்கும் அரசு ஏமாறும். செய்யும் வேலையைப் பார்த்து வாங்கும் அரசே காக்கும். உழைப்பவன் தொழிலாளியே. அவனை எப்பெயரால் அழைப்பினும் அவன் வயிறு பசிக்கும்; அவனுக்குரிய கடன் நிற்கும்.