விடையைக் கேட்காதீர்!

குறுக்கெழுத்துப் புதிரில் ஒரு சொல் மட்டும் பாக்கி. மண்டை காய்கிறது. அடுத்தவரைக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். ஆனால், அதற்கும் ஒரு முறை உண்டு. "மேலிருந்து கீழ் 7. நான்கு எழுத்து. இரண்டாவது எழுத்து 'ர'. நான் நினைத்த சொல் பொருந்தவில்லை" என்று விவரம் சொல்லிக் கேட்கவேண்டும். பத்திரிகையை நீட்டி "விடை என்ன?" என்பது சோம்பேறித்தனம்.

கேட்கப்பட்டவரும் ஒரு சிறு துப்பு கொடுத்தால் போதும். விடையை உரக்கச் சொல்லிவிட்டால், அரை மணி நேரம் யோசித்தவருடைய இன்பம் போயிற்று. (வீட்டுக்கு வீடு இப்படி ஒரு மேதாவி உண்டு!)

பரிசுப் போட்டி என்றால் சங்கதி வேறு. கடைசித் தேதி முடியும்வரை யாரையும் கேட்கவே கூடாது. கேட்டு எழுதுவது, தனியாக உழைத்தவரின் பரிசைத் தட்டிப் பறிப்பதாகும்.

1942 ஜனவரியில், லண்டன் "டெய்லி டெலிகிராப்" பத்திரிகை தன் அலுவலகத்தில் ஒரு போட்டி நடத்தியது. 12 நிமிடத்துக்குள் புதிரை முடிக்கவேண்டும். கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. எதிரியின் ரகசியச் சங்கேதங்களை உடைக்கும் யுத்த வேலைக்கு அழைப்பு! பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து எழுதிய ஒருவர் அந்த வேலையில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?