நிலமில்லாதவன் எழுதிய பத்திரம்

"நிலமே இல்லாதவன் பத்திரம் எழுதி என்னண்ணே செய்ய?"

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை இறக்கும் தோழர் ஒருவர், நான் ஆர்மீனியர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்ட கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்விதான்!

சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அருகே அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது. எந்த மன்னனின் அரண்மனை என்று தேடாதீர்கள். 'ஆர்மீனியன்' என்ற சொல்தான் நம்மவர் நாவில் உருண்டு உருண்டு அப்படி ஆயிற்று என்பர். வணிகம் செய்ய வந்தவர்கள் அவர்கள். பணம் இருந்தது, பங்களா இருந்தது, நாடுதான் இல்லை! துருக்கிய சுல்தானும் பாரசீக ஷாவும் தாயகத்தைப் பங்கிட்டுக் கொண்டிருந்தனர்.

அழுதார்களா? அச்சகம் வைத்தார்கள்! 1772-இல் ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற வணிகர் சென்னையில் அதை நிறுவினார். மோவ்செஸ் பக்ராமியன் முன்னின்று உருவாக்கிய நூல் அவ்வாண்டே வெளிவந்தது. நாம் வீழ்ந்தது விதியால் அல்ல, ஒருவன் வாக்கே சட்டம் என்று கிடந்ததால். இளைஞனே எழு, படி என்றது அந்நூல். எச்மியாட்சின் மடத்துத் தலைமைக் குரு சிமியோன் சீறினார். நூலை அழிக்கச் சொன்னார். சீறாமல் இருப்பாரா?

அடுத்து வந்தது, 1773 என ஆண்டிட்ட அரசியல் சட்டம். 521 விதிகள்! மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம், எவனுக்கும் மேலான சட்டம், ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்வி. பாரிசில் பாஸ்டீல் சிறை தகர்ந்தது 1789-இல். அதற்கு முன்பே நம் சென்னையில் இது அச்சேறிவிட்டது, தோழர்களே!

1794 அக்டோபர் 16-இல் 'அஸ்தரார்' பிறந்தது. உலகில் ஆர்மீனிய மொழியின் முதல் இதழ் அதுதான். நடத்தியவர் ஹாருத்தியுன் ஷ்மாவோனியன், ஒரு பாதிரியார். ஆம், பாதிரியார்தான்! அங்கியைப் பார்த்தே ஆளை எடைபோடும் நம்மவர் சிலர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

குறையும் உண்டு. சீமான்கள் எழுதினார்கள், சீமான்கள் படித்தார்கள். தாயகத்தில் ஏர் பிடித்தவன் கைக்கு அந்த ஏடு எங்கே எட்டிற்று? 1915-இல் துருக்கிய ஆட்சி இலட்சக்கணக்கில் அவர்களைக் கொன்று குவித்தது. 1918 மே 28-இல் குடியரசு மலர்ந்தது. 1920-இல் சோவியத் ஆட்சிக்குள் போயிற்று. 1991-இல் மீண்டும் தனி நாடாயிற்று.

ஆக, பத்திரம் முதலில், நிலம் பிறகு. மண்டித் தோழரிடம் இதைத்தான் சொன்னேன்.

"அப்போ நம்ம படிப்பகத்துச் சாவி யார்கிட்டண்ணே இருக்கு?" என்றார். பூட்டி மூன்று ஆண்டாகிறது. சாவி யாரிடம் என்று எனக்கும் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.