தோற்றவரைத் தூற்றாதீர்! வென்றவரை ஐயுறாதீர்!



சதுரங்கத்தில் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் எதிர்பாராத வகையில் தோற்றுவிட்டால், இரசிகர்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். தோற்றவருக்குத் தகுதியே இல்லை என்கின்றனர். அல்லது, வென்றவர் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டார் என்கின்றனர். 'அவர் தோற்றார், இவர் நன்றாக ஆடினார்' என்று சொல்வதற்கு மட்டும் நா எழுவதில்லை. இந்தப் போக்கைக் கண்டித்துத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். ஏனெனில், பெரியவர்களின் இப்பேச்சு நம் பிள்ளைகளின் காதுகளில் விழுந்துகொண்டே இருக்கிறது.

2025 செப்டம்பரில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் நகரில் நடைபெற்ற கிராண்ட் சுவிஸ் போட்டியை எடுத்துக்கொள்வோம். உலக வாகையராக அங்குச் சென்ற சென்னையைச் சேர்ந்த குகேஷ், தொடர்ந்து மூன்று சுற்றுகளில் தோற்றார். அமெரிக்காவின் அபிமன்யு மிஸ்ரா, கிரேக்கத்தின் நிக்கோலாஸ் தியோடோரோ, துருக்கியின் எடிஸ் கூரல் ஆகிய மூவரும் அடுத்தடுத்து அவரை வென்றனர். உடனே எழுந்தது கூச்சல். இவர் தற்செயலாகப் பட்டம் பெற்றவர் என்றனர். எதிராளியின் பிழையால் வாகை சூடியவர் என்றனர். அதே ஆண்டு நவம்பரில் கோவாவில் நடந்த உலகக் கோப்பையின் மூன்றாம் சுற்றில், ஜெர்மனியின் ஃபிரடெரிக் சுவானிடம் அவர் தோற்று வெளியேறியபோதும் அதே பல்லவிதான்.

அப்படிப் பேசியவர்களுள் எத்தனை பேர் 2024 டிசம்பர் 12ஆம் நாள் 'நம் பிள்ளை வென்றான்' என்று இனிப்பு வழங்கியவர்கள்? வென்றால் நம் பிள்ளை, தோற்றால் யாரோ ஒருவர். இதற்குப் பெயர் பற்று அன்று.

அந்த நாளையும் சற்று நினைவுகூர்வோம். நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில்தான் அந்த உலக வாகையர் போட்டி நடைபெற்றது. 13 ஆட்டங்களின் முடிவில் சீனாவின் டிங் லிரனும் குகேஷும் தலா ஆறரைப் புள்ளிகளில் சமமாக நின்றனர். 14ஆம் ஆட்டமும் சமநிலையில் முடியும் என்றே பலரும் கருதினர். ஆனால், 55ஆம் நகர்த்தலில் டிங் தம் யானையை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய அமைச்சரோ பலகையின் மூலையில் சிக்கியிருந்தது. குகேஷ் யானையை மாற்றினார்; அமைச்சரையும் மாற்றினார். எஞ்சிய அரசனும் சிப்பாய்களும் மோதும் முடிவாட்டத்தில், ஒரு சிப்பாய் மிகுதியாக வைத்திருந்த குகேஷ் வென்றார். 18 வயதில் அவர் உலக வாகையர் ஆனார்.

உடனே இரசியச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஆந்த்ரேய் ஃபிலாத்தோவ், டிங்கின் தோல்வி ஐயத்திற்குரியது, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இதை விசாரிக்க வேண்டும் என்றார். ஆதாரம் என்ன? ஒன்றுமில்லை. மூன்று வாரம் நீண்ட போட்டியின் இறுதி ஆட்டத்தில், களைத்துப்போன ஒரு மனிதர் பிழை செய்தார்; அவ்வளவுதான். 2023இல் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வால் அவதியுற்றதை டிங் வெளிப்படையாகவே கூறியவர். அப்படிப்பட்டவர் உலகமே எதிர்பாராத வகையில் இறுதி ஆட்டம் வரை சரிசமமாகப் போராடியதைப் பாராட்டியவர்கள் சிலரே. சமநிலை என்று பலரும் கைகழுவிய ஆட்டத்தைக் கைவிடாமல் 50 நகர்த்தல்களுக்கு மேல் நெருக்கிக்கொண்டே இருந்த குகேஷின் உழைப்புக்கும் 'அதிர்ஷ்டம்' என்றே பெயர் சூட்டினர்.

இதைவிடக் கொடியது 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. 53 ஆட்டங்கள் தோல்வியே காணாதிருந்த மாக்னஸ் கார்ல்சனை, கறுப்புக் காய்களோடு ஆடிய 19 வயது ஹான்ஸ் நீமன் வென்றார். மறுநாளே கார்ல்சன் போட்டியிலிருந்து விலகினார். இரசிகர்களோ இளைஞர் ஏமாற்றினார் என்று முடிவுகட்டி, நாகரிகமற்ற கற்பனைகளையெல்லாம் உலகெங்கும் பரப்பினர். நீமன் சிறுவயதில் இணைய ஆட்டங்களில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டவர்தாம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால், அன்றைய ஆட்டத்தில் ஏமாற்றினார் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் வெளிவரவில்லை. தக்க காரணமின்றிப் போட்டியிலிருந்து விலகியதற்காக, 2023 டிசம்பரில் கார்ல்சனுக்குத்தான் உலகக் கூட்டமைப்பின் ஒழுங்காணையம் 10,000 யூரோ தண்டம் விதித்தது.

'எதிர்பாராத தோல்வி' என்கிறோமே, அதுவும் கணக்கிற்குள் அடங்கியதுதான். அர்பாட் ஈலோ என்னும் இயற்பியல் பேராசிரியர் வகுத்த தரப்புள்ளி முறையை 1970 முதல் உலகக் கூட்டமைப்பு பின்பற்றி வருகிறது. அதன்படி, இருவருக்கிடையே 200 தரப்புள்ளி வேறுபாடு இருந்தால், 100 ஆட்டங்களில் வலியவருக்கு ஏறக்குறைய 76 புள்ளிகளே கிடைக்கும். மீதி 24 புள்ளிகள் மெலியவருக்கு உரியவை! மெலியவர் அவ்வப்போது வெல்வார் என்று கணக்கே சொல்லும்போது, அதில் சூழ்ச்சியைத் தேடுவானேன்?

முன்னோர் வரலாற்றையும் பாருங்கள். எட்டு ஆண்டுகள் தோல்வியறியாத உலக வாகையர் காபபிளாங்கா, 1924இல் நியூயார்க் போட்டியில் ரிச்சர்ட் ரெட்டியிடம் தோற்றார். அதனால் அவர் இடிந்துபோய்விடவில்லை. தொடர்ந்து ஆடி, அப்போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். ரெட்டியின் அந்த வெற்றியும் இன்றுவரை போற்றப்படுகிறது.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி வருகிறேன். மாவட்டச் சதுரங்கப் போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். மண்டபத்தின் வாசலில் காத்திருக்கும் பெற்றோர், தோற்று வரும் பிள்ளையிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுதான்: "போயும் போயும் அவனிடமா தோற்றாய்?"

இந்த ஒரு கேள்வி இரண்டு குழந்தைகளை இழிவுபடுத்துகிறது. தோற்ற பிள்ளை, தன்னைவிட வலியவரோடு மோதுவதை அன்றே வெறுக்கத் தொடங்குகிறான். வென்ற பிள்ளையோ, தான் வென்றிருக்கவே கூடாதவன் என்று அறிந்துகொள்கிறான். இவ்வாறே, திறமையிருந்தும் ஓரிரு தோல்விகளுக்குப் பின் பலகையைத் தொடாமற்போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களை விரட்டியது தோல்வியா, நம் நாவா?

ஆசிரியர்களாகிய நாமும் விதிவிலக்கல்லர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆயினும், முதல்நிலை மாணவன் ஒருமுறை சறுக்கினால் 'உனக்கு என்ன ஆயிற்று?' என்றும், கடைசி வரிசை மாணவன் நல்ல மதிப்பெண் பெற்றால் 'யாரைப் பார்த்து எழுதினாய்?' என்றும் கேட்கும் மனப்போக்கு இன்னும் அகலவில்லை. செயின்ட் லூயிஸ் இரசிகர்கள் கேட்டதும் இதே கேள்விதானே?

ஆகவே, என் வேண்டுகோள் மூன்று:

1. ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம், எதிராளியின் எந்த நகர்த்தல் சிறப்பாக இருந்தது என்று கேளுங்கள்.

2. நகர்த்தல்களை எழுதிய குறிப்புத்தாளைப் பத்திரப்படுத்தச் செய்யுங்கள். இயன்றால் வென்ற பிள்ளையையும் உடனமர்த்தி, இருவரையும் சேர்ந்தே ஆராயவிடுங்கள்.

3. சான்று இல்லாமல் எந்தக் குழந்தையையும் ஐயுறாதீர்கள். சான்று இருந்தால் நடுவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் பேசாதீர்கள்.

குகேஷ் இனியும் வெல்வார், தோற்பார். அடுத்த முறை அவர் தோற்கும் நாளில், வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் நாம் என்ன பேசப்போகிறோம்? நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பிள்ளை, தன் தோல்வியின்போதும் இவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அமைதியாகக் குறித்துக்கொள்கிறது. அதை மறவாதிருப்போம்.