இயந்திரத்தின் முறையீடு

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காடு சென்று வந்தோம். வாகனம் என் மருமகனுடையது. ஓட்டுநர் உரிமம் பெற்று ஓராண்டுகூட நிறையாத இளைஞன். பழைய கார் ஒன்றை ஆசையோடு வாங்கியிருந்தான். பின் இருக்கையில் என் சகோதரியும் நானும். முன் இருக்கையில் எங்கள் தெருப் பெரியவர். பேருந்து ஓட்டுநராக நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊரில் அனைவருக்கும் அவர் 'பாய்'தான்.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சகோதரி காதைப் பொத்திக்கொண்டாள். முதல் கியரில் கார் அலறியது. இரண்டாம் கியருக்கு மாறிய பின்னும் அதே அலறல். போதாததற்கு, ஒவ்வொரு முறையும் கிளட்சை மிதித்தவுடன் ஆக்ஸிலேட்டரையும் ஓர் அழுத்து அழுத்தி, என்ஜினை உறுமவைத்த பிறகே அவன் அடுத்த கியரைப் போட்டான். சாலையோரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருமகனுக்கு அதில் ஒரு பெருமிதம்.

பாய் சிரித்தார். "தம்பி! அடுத்த கியரைப் போடு போடு என்று வண்டி முறையிடுகிறது. உன் காதில் விழவில்லையா?" என்றார்.

அந்தக் கேள்வியின் பொருளைச் சற்றே விரித்துப் பார்ப்போம். என்ஜின் நிமிடத்திற்கு 3000 முறை சுழல்கிறது என்றால், அதனுள் இருக்கும் ஒவ்வொரு பிஸ்டனும் அந்த ஒரு நிமிடத்தில் 3000 முறை மேலேறி 3000 முறை கீழிறங்குகிறது. அதாவது 6000 முறை நின்று, திசை திரும்பி, மீண்டும் ஓடுகிறது. சுழற்சி இரு மடங்கானால் அந்த உறுப்புகள் தாங்கவேண்டிய விசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. உராய்வும் வெப்பமும் உடன் கூடுகின்றன. ஒரே வேகத்தில் செல்லும் காரை மூன்றாம் கியரில் ஓட்டுவதற்குப் பதிலாக இரண்டாம் கியரில் ஓட்டினால், அதே தூரத்தைக் கடக்க என்ஜின் கூடுதலாகச் சுழலவேண்டியிருக்கிறது. அதற்கான பெட்ரோல் நம் பணப்பையிலிருந்துதான் போகிறது.

சமதளச் சாலையில் அவசரமின்றிச் செல்லும்போது, பெட்ரோல் கார்களில் ஏறத்தாழ 2000 முதல் 2500 சுற்றுக்குள்ளும், டீசல் கார்களில் 2000 சுற்றை ஒட்டியும் மேல் கியருக்கு மாறிவிடுவது பொதுவாக நல்லது. சுற்றுகளைக் காட்டும் மீட்டர் பல கார்களில் உண்டு. அதில் சிவப்புக் கோடு தொடங்கும் இடம் எச்சரிக்கைக்கானது, தொட்டுப் பார்ப்பதற்கானதன்று. மீட்டர் இல்லாத கார்களில் காதுதான் மீட்டர்.

கிளட்சை மிதித்தபடி என்ஜினை உறுமவைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கும் பாயிடமே விடை இருந்தது. அவர் பணியில் சேர்ந்த காலத்துப் பேருந்துகளில், ஓடும்போது கீழ் கியருக்கு மாறுவது எளிதன்று. கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போடவேண்டும். இதற்கு 'டபுள் கிளட்ச்' என்று பெயர். கீழ் கியருக்கு என்ஜின் வேகமாகச் சுழலவேண்டும். பற்சக்கரங்களின் வேகம் ஒத்துப்போனால்தான் அவை உரசாமல் இணையும். ஆகவே அந்த உறுமல் ஒரு தேவைக்காக எழுந்தது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 'சின்க்ரோமெஷ்' என்னும் அமைப்பு அறிமுகமாயிற்று. பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் அந்த அமைப்பு, இன்று கையால் கியர் மாற்றும் கார்கள் ஏறத்தாழ அனைத்திலும் இருக்கிறது.

மேல் கியருக்கு மாறும்போதோ என்ஜின் வேகம் குறைந்தாகவேண்டும். அந்நேரத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்துவது முற்றிலும் எதிர்வினையான செயல். உயர்ந்த அந்த வேகத்தையெல்லாம் தேய்த்துக் குறைக்கும் சுமை கிளட்ச் தட்டின் மீது விழுகிறது. "நான் கீழ் கியருக்குச் செய்ததை நீ மேல் கியருக்குச் செய்கிறாய், தம்பி!" என்றார் பாய். மருமகன் நாணத்தோடு காலைத் தளர்த்தினான். கார் அமைதியாயிற்று.

ஆனால், அறிவுரையை அரைகுறையாகக் கேட்பதும் ஆபத்தே. மலையடிவாரம் வந்தது. குறைந்த சுற்றில் ஓட்டினால் சிக்கனம் என்று புரிந்துகொண்ட பிள்ளை, ஏற்றத்திலும் நான்காம் கியரை விடவில்லை. இப்போது அலறல் இல்லை. 'டக டக'வென்று உள்ளிருந்து ஓர் இடி. கார் உடல் முழுவதும் நடுங்கியது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. பெருஞ்சுமையை மிகக் குறைந்த சுற்றில் இழுக்கும்போது எரிபொருள் சீராக எரியாமல் என்ஜின் தட்டுகிறது. பேரிங்குகளைக் காக்கும் எண்ணெய்ப் படலமும் மெலிந்துவிடுகிறது. அலறல் ஒரு முறையீடு என்றால், இந்த முனகலும் ஒரு முறையீடே. ஏற்றத்திலும், முந்திச் செல்லும்போதும் கீழ் கியரைப் போட்டு என்ஜினைச் சற்று வேகமாகச் சுழலவிடுவது வீண்செலவன்று, அதுவே முறை.

உண்மையான சோதனை திரும்பும் வழியில் காத்திருந்தது. சேலம் – ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று மருமகன் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினான். பேச்சு மும்முரத்தில் நாங்கள் எவரும் கவனிக்கவில்லை. சில வளைவுகள் கடந்ததும் கருகிய வாடை வீசியது. அடுத்த வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. மருமகனின் முகம் வெளிறியது. என் சகோதரி என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

பாய் குரலை உயர்த்தவில்லை. "பதறாதே. மூன்றாம் கியரைப் போடு. கிளட்சை மெதுவாக விடு. இப்போது இரண்டாம் கியர்" என்றார். என்ஜின் உரக்க உறுமியது. காரின் வேகம் தணிந்தது. அகலமான ஓர் இடத்தில் ஒதுக்கி நிறுத்தினோம். சக்கரங்களில் தண்ணீர் ஊற்றப் போனவனைப் பாய் தடுத்தார். கொதிக்கும் இரும்பில் குளிர்நீர் பட்டால் விரிசல் விழக்கூடும். பிரேக் தானாக ஆறும்வரை காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில் பாய் சொன்னவை, கார் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் அறியவேண்டியவை. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, ஏறத்தாழ அதே கியரில்தான் இறங்கவேண்டும். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுக் கீழ் கியரில் இறங்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் ஓய்வு பெறுகிறது. நியூட்ரலில் சிக்கனம் என்பதும் வெறும் நம்பிக்கையே. கணினிக் கட்டுப்பாட்டில் எரிபொருளைச் செலுத்தும் இன்றைய என்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் எரிபொருள் வரத்து பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ, என்ஜின் அணையாமல் ஓடுவதற்காகப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கிறது. இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிடுவது அதனினும் கொடிது; பிரேக்குக்கு வலுவூட்டும் துணைவிசை சில மிதிகளிலேயே தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும்; ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

"அப்படியானால் நான் காலையில் செய்ததும் உறுமல்தானே, நீங்கள் இப்போது செய்யச் சொன்னதும் உறுமல்தானே?" என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி.

"காலையில் பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காக உறுமியது. இப்போது உன் தாய் பத்திரமாக இறங்கவேண்டும் என்பதற்காக உறுமியது" என்றார் பாய்.

மீதி வளைவுகளை இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். அடிவாரம் வந்ததும் என் சகோதரி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று நீண்ட மூச்சு விட்டாள். மறுநாள் மருமகன் காரைப் பட்டறைக்குக் கொண்டுசென்று பிரேக்குகளைச் சோதித்து, பழுதானவற்றை மாற்றினான்.

அன்புள்ள பெற்றோரே! பிள்ளைகளுக்குக் கார் வாங்கிக் கொடுக்கிறோம். உரிமம் பெற்றுத் தருகிறோம். சமவெளியில் சில நாள் பழகியதை வைத்து மலைக்கும் அனுப்பிவிடுகிறோம். அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி, ஏற்றம் இறக்கம் இரண்டிலும் பயிற்சி பெறச் செய்த பிறகு அனுப்புங்கள். இளைஞர்களே! அடுத்த முறை ஓட்டுநர் இருக்கையில் அமரும்போது பாட்டுப் பெட்டியைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள். அலறினால் மேல் கியர்; முனகினால் கீழ் கியர்; இறக்கத்தில் கியரை விட்டு வெளியே வரவே கூடாது. இயந்திரத்தின் முறையீட்டுக்குச் செவிகொடுங்கள். பின் இருக்கையில் இருப்பவர்கள் உங்களை நம்பியே கண்ணயர்கிறார்கள்.