ஃபில்டரைத் திறந்து பாருங்கள்



வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் போன 2020 ஊரடங்கில் நம் பக்கத்துப் பல வீடுகளுக்கு டிஷ்வாஷர் வந்து சேர்ந்தது. அன்றைக்கு வாங்கிய மிஷின்களுக்கெல்லாம் இப்போது வாரன்டி முடிந்துவிட்டது. எங்களுக்கு வரும் கடிதங்களே அதைச் சொல்கின்றன. அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, தட்டெல்லாம் வெள்ளை பூத்துப் போகிறது, சத்தம் போட்டு ஓடியும் பாத்திரம் அழுக்காகவே இருக்கிறது. இந்த மூன்று புகார்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கூடவே ஒரு வரி இருக்கும்: சர்வீஸுக்குச் சொல்லியிருக்கிறோம், இன்னும் ஆள் வரவில்லை.

அந்தக் காத்திருப்பு யார் தலையில் விழும் என்பது நமக்குத் தெரியும். மிஷின் நின்ற அன்று இரவே சிங்க் நிறையப் பாத்திரத்தோடு மல்லுக்கட்டுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஆகவே இந்த மாதம் என் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன். மேலே சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவற்றை, மின்சாரத்தின் பக்கமே போகாமல், வீட்டில் இருப்பவர்களே சரிசெய்துவிடலாம். சர்வீஸ் ஆளுக்குப் போன் போடுவதற்கு முன் அரைமணி நேரம் செலவழித்தால் போதும்.

மிஷின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். குழாயிலிருந்து ஹோஸ் வழியாக வரும் தண்ணீரை வால்வு திறந்து உள்ளே விடுகிறது. சில லிட்டர் பிடித்ததும் வால்வு மூடிக்கொள்ளும். ஒரு பம்ப் அந்தத் தண்ணீரையே சுற்றிச் சுற்றி எடுத்து, சூடாக்கி, சுழலும் கைகளின் துளைகள் வழியே பீய்ச்சுகிறது. கீழே விழும் தண்ணீர் ஃபில்டரில் வடிந்து மறுபடி பம்புக்குப் போகிறது. கடைசியில் வேறொரு சின்ன பம்ப் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. பிடிப்பதும் தள்ளுவதும் சில முறை நடந்து, பத்துப் பன்னிரண்டு லிட்டருக்குள் வேலை முடிகிறது. நாம் கைவைத்துப் பார்க்கக்கூடிய இடங்கள் எல்லாம் இந்தத் தண்ணீர் போகும் வழியில்தான் இருக்கின்றன. மிஷின் நின்றால், தண்ணீர் எதுவரை வந்து எங்கே நின்றது என்று தேடுங்கள்.

முதலில் தேங்கி நிற்கும் தண்ணீர். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கீழ்த்தட்டை வெளியே எடுத்து, நிற்கும் தண்ணீரைக் கிண்ணத்தால் மொண்டு, மிச்சத்தைத் துணியில் ஒற்றி எடுங்கள். நடுவில் உருளையாக இருக்கும் ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகித் தூக்கினால் கையோடு வரும். நம் சமையலில் அங்கே என்னென்ன போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, எலுமிச்சை விதை, புளிச் சக்கை, முருங்கைக்காய் நார், சோற்றுப் பருக்கை ஆகியவற்றோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து களியாகப் படிந்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். பல வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால், ஃபில்டர் இருந்த குழிக்குள் பாருங்கள். பல மாடல்களில் ஓரமாக ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். தண்ணீரை வெளியே தள்ளும் டிரெயின் பம்பின் வாய் அதுதான். பாஷ், சீமென்ஸ் மிஷின்களின் கையேட்டிலேயே அதை ஒரு ஸ்பூனால் நெம்பி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கவனமாக விரலை விடுங்கள், உடைந்த கண்ணாடித் துண்டு இருக்கலாம். உள்ளே இருக்கும் சிறு சக்கரத்தில் நூலோ விதையோ சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். சக்கரம் வழவழவென்று சுழலாமல் விட்டுவிட்டு நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் நகர வேண்டும். இதைப் பார்த்துப் பம்ப் இறுகிவிட்டது என்று நினைத்து புதுப் பம்ப் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூடியைத் திரும்ப வைக்கும்போது ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் மறுபடி தேங்கும்.

பம்பும் சுத்தமாக இருக்கிறதென்றால் டிரெயின் ஹோஸைப் பாருங்கள். மிஷினைச் சுவரோடு தள்ளும்போது மடங்கியிருக்கலாம், சிங்க்கில் சேரும் இடத்தில் அடைத்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். ஹோஸின் வாய் மிகத் தாழ்வாக இருந்தாலும் தொல்லைதான். பிடித்த தண்ணீர் தானாகவே வடிந்து போகும், மிஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும். தரையிலிருந்து சுமார் 40 செ.மீ.க்குக் குறையாமலும் ஒரு மீட்டருக்கு மேல் போகாமலும் வைக்கச் சொல்கின்றன பெரும்பாலான கையேடுகள். உங்கள் மாடலுக்கு என்ன அளவு என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகி, தான் கைவைக்கப் போனாலே வீட்டில் “நீ தொடாதே, கெட்டுப்போகும்” என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அவருக்காக ஒரு செய்தி. இந்த மிஷினை நடைமுறைக்குக் கொண்டுவந்தவரே ஒரு பெண்தான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் வாழ்ந்த ஜோசஃபின் காக்ரேன். பொறியியல் படித்தவரல்லர். கணவர் இறந்து, கடன் சுமையும் சேர்ந்த நிலையில், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வேலையைத் தொடங்கினார். தட்டு, கோப்பை, சாஸர் ஒவ்வொன்றையும் அளந்து, அந்த அளவுக்குக் கம்பி அறைகள் செய்து, அவற்றின்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடிக்க வைத்தார். ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் அவருக்கு உதவினார். 1886 டிசம்பர் 28-ல் காப்புரிமை கிடைத்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த மிஷின் எல்லோர் கண்ணிலும் பட்டது. தட்டைச் சரியாக அடுக்கினால் பீய்ச்சும் தண்ணீரே அழுக்கை எடுத்துவிடும் என்ற அவருடைய யோசனைதான் இன்று நம் அடுப்படி மிஷினிலும் ஓடுகிறது. அந்த வாசகி தைரியமாக ஃபில்டரைத் திறக்கட்டும்.

மிஷின் ஓடியும் பாத்திரம் சுத்தமாகவில்லை என்றால் சுழலும் கைகளைக் கழற்றுங்கள். கீழ்க்கை பெரும்பாலும் மேலே இழுத்தாலே வந்துவிடும், மேல்கைக்கு ஒரு திருகு மூடி இருக்கும். காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். கடுகு உருளும் சத்தம் கேட்டால் காரணம் தெரிந்துவிட்டது. துளைகளைப் பல்குத்தும் குச்சியால் குத்தி, குழாயில் பிடித்து உதறுங்கள். திரும்ப மாட்டியதும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். நீளக் கரண்டி ஒன்று தட்டின் கீழே நீட்டிக்கொண்டு அதைத் தடுப்பது அடிக்கடி நடக்கிறது.

மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் உள்ளே வரவே இந்த மிஷின்களுக்கு அழுத்தம் வேண்டும். மாடலைப் பொறுத்து 0.3 முதல் 0.5 பார் வரை குறைந்தபட்சம் கேட்கும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர்தான் ஏறத்தாழ ஒரு பார். அரை பாருக்கு ஐந்து மீட்டர் உயரம் வேண்டும். உங்கள் தலைக்கு மேலேயே மொட்டைமாடித் தொட்டி இருந்தால் அந்த உயரம் கிடைக்காது. மிஷின் கெட்டுப்போயிற்று என்று நினைத்து வால்வை மாற்றுவதில் பயனில்லை. ஒரு சிறிய பிரஷர் பம்ப்தான் வழி. போதுமான உயரம் இருந்தும் தண்ணீர் வரவில்லையென்றால், குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, அதன் முனையிலுள்ள சிறிய வலையைப் பாருங்கள். மணலும் உப்பும் அடைத்திருக்கும். ஹோஸின் முனையில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் அதைத் தண்ணீரில் முக்கக்கூடாது, ஹோஸை வெட்டவும் கூடாது. உள்ளே மின்சார வால்வு இருக்கிறது.

இனி வெள்ளை பூப்பது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் சென்னைக் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் அளவுகோல். பல ஆழ்துளைக் கிணறுகளில் அதையும் தாண்டும். இதற்காகவே மிஷினின் அடியில் ரெசின் மணிகள் நிறைந்த ஒரு அறை இருக்கிறது. தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அந்த மணிகள் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துபோனால் உப்புக்கரைசல்தான் அவற்றைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நீங்கள் போடும் உப்பு இதற்குத்தான்.

அங்கே சமையல் தூளுப்பைப் போடாதீர்கள். அயோடினும், கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் அதில் உண்டு. சமையல் கல்லுப்பில் மண் இருக்கும். டிஷ்வாஷர் உப்பென்றே விற்கும் பரல் உப்பை மட்டும் போடுங்கள். சிந்திய உப்பு ஸ்டீலை அரிக்கும், ஆகவே உப்பு நிரப்பிய உடனே ஒரு வாஷ் ஓட்டிவிடுங்கள். டிடர்ஜென்ட்டைத் தவறிப்போய் அந்த அறையில் கொட்டினால் ரெசினே பாழாகிவிடும்.

உப்பு போட்டும் வெள்ளை போகவில்லையா? பெரும்பாலும் அந்த மிஷினில் கடினத்தன்மை அளவை யாரும் மாற்றியமைத்திருக்க மாட்டார்கள். பொருத்த வருபவர்களில் பலர் தண்ணீரைச் சோதிக்காமலேயே போய்விடுகிறார்கள். பரிசோதனைப் பட்டை வாங்கித் தண்ணீரில் நனைத்துப் பார்த்து, கையேட்டில் சொன்னபடி எண்ணை ஏற்றிவையுங்கள். கண்ணாடி டம்ளரில் இருக்கும் வெள்ளையை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த நீரால் துடையுங்கள். போய்விட்டால் அது உப்புப் படிவம். போகாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது, அதை மீட்க முடியாது. மிஷினுக்குள் படிந்திருப்பதை எடுக்க, பாத்திரம் எதுவும் வைக்காமல் 50 முதல் 100 கிராம் எலுமிச்சை உப்பைப் போட்டு, மிகச் சூடான புரோகிராமில் ஓட்டுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரையோ குளோரின் கலந்த எதையுமோ சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

சிலவற்றைக் கோளாறு என்றே எண்ண வேண்டாம். மஞ்சள் கறை பிளாஸ்டிக் டப்பாவில் தங்கும், வெயிலில் வைத்தால் மங்கும். இண்டாலியம் பாத்திரம் கறுக்கும், ஏனென்றால் டிடர்ஜென்ட் காரத்தன்மை உள்ளது. இரும்புச் சட்டி, மண்சட்டிகளைக் கையாலேயே கழுவுங்கள்.

ஒன்றும் ஓடாமல் டிரெயின் பம்ப் மட்டும் விடாமல் ஓடினால், அடித்தட்டில் தண்ணீர் கசிந்து, அங்கிருக்கும் மிதவை மேலே வந்து பாதுகாப்புச் சுவிட்சைத் தட்டியிருக்கிறது. பாஷ் மிஷின்களில் இ15 என்று காட்டுவது இதைத்தான். கை கழுவும் லிக்விடையோ பாத்திர லிக்விடையோ ஊற்றி நுரை பொங்கியதா, கதவு ரப்பர் கிழிந்ததா என்று தேடுங்கள். குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு பேராகச் சேர்ந்து மிஷினைச் சாய்த்துத் தண்ணீரை வடிக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மறுபடி ஓட்டாதீர்கள்.

இதற்குமேல் போக வேண்டாம். இதைக் கண்டிப்போடுதான் சொல்கிறேன். ஆன் செய்ததும் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச்) விழுகிறது, ஹீட்டர் சூடாகவில்லை, கரப்பான் பூச்சி போய் எலெக்ட்ரானிக் போர்டு கருகிய வாசனை வருகிறது என்றால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுங்கள். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. எர்த் இல்லாத பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ இந்த மிஷினை மாட்டவே கூடாது. வாரன்டி இருக்கும்வரை உறையையும் கழற்றாதீர்கள்.

இன்னொரு ஆதங்கம் எனக்கு உண்டு. கதவு ரப்பரும் சுழலும் கையும் நாமே மாற்றக்கூடிய பாகங்கள். அவற்றைத் தனியாகக் கேட்டால் கிடைப்பதில்லை என்றுதான் வாசகர்கள் எழுதுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் விதியே இருக்கிறது. ஒரு மாடல் கடைசியாக விற்பனைக்கு வந்த பிறகும் கதவு ரப்பர், ஃபில்டர், சுழலும் கை, பாத்திரம் அடுக்கும் தட்டு ஆகியவை பத்து ஆண்டுகள் வாடிக்கையாளருக்கே கிடைக்க வேண்டும். பம்ப், ஹீட்டர் போன்றவை மெக்கானிக்குகளுக்கு ஏழு ஆண்டுகள் கிடைக்க வேண்டும். கேட்ட பாகம் 15 வேலை நாட்களுக்குள் வந்துசேர வேண்டும். இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது நல்ல தொடக்கம். டிஷ்வாஷருக்கு இத்தனை ஆண்டு ஸ்பேர் தர வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். உங்கள் மிஷினின் வயது, வந்த கோளாறு, தேவைப்பட்ட ஸ்பேர், கேட்ட விலை, கைக்கு வர எத்தனை நாளாயிற்று, கிடைக்கவே இல்லையா என்பதை ஒரு தபால் அட்டையிலாவது எழுதி அனுப்புங்கள். நீங்களே சரிசெய்திருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து இதழில் வெளியிடுவதோடு, தயாரிப்பாளர்களுக்கும் நுகர்வோர் விவகாரத் துறைக்கும் அனுப்பி வைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்