உடம்பால் எழுதலாம் சீனம்

ஈப்போவில் பிள்ளையைச் சீனப்பள்ளியில் சேர்த்திருக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வருவது சுலபம். மாலையில்தான் சோதனை. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை வீட்டுப்பாடத்தை விரிக்கும். அதில் ஓர் எழுத்துகூட அம்மா அப்பாவுக்குத் தெரியாது. "டியூஷன் டீச்சரிடம் கேள்" என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும்.

சீனம் தெரியாத பெற்றோரும் உதவ ஒரு வழி உண்டு. புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளையோடு எழுந்து நில்லுங்கள்.

கால்களை அகட்டி நின்றால் 'ரென்', மனிதன். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் 'தா', பெரியது. தலைக்கு மேல் ஒரு கோடு போட்டால் 'தியென்', வானம். தலை அந்தக் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டால் 'ஃபூ', ஆடவன். நோட்டில் இவ்விரண்டும் பிள்ளைகளைக் குழப்பும். உச்சந்தலையில் ஓர் அடிக்கோலை வைத்துக் காட்டுங்கள், வித்தியாசம் புரியும்.

'மூ' என்றால் மரம். இருவர் மரமாக நின்றால் 'லின்', தோப்பு. மூவர் நின்றால் 'சென்', அடர்காடு. மரத்தருகே ஒரு மனிதன் சாய்ந்தால் 'சியூ', ஓய்வு. சுங்கை சிப்புட் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் தாத்தா பாட்டிக்கு இந்த எழுத்தை விளக்கவே வேண்டாம்!

ரப்பரைக் குறிக்கும் சொல்லில் வரும் 'சியாங்' இன்னும் சுவையானது. இடப்பக்கம் மரம், வலப்பக்கம் யானை. யானைக்கும் சீனத்தில் 'சியாங்'தான். பொருளுக்கு மரம், ஒலிக்கு யானை. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படிப் பொருளும் ஒலியும் சேர்ந்து அமைந்தவை. எல்லாவற்றையும் நடித்துக் காட்ட முடியாது. எழுதிப் பழகத்தான் வேண்டும். ஆனால், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற கோட்டு வரிசையைக் கை வீசிக் காற்றில் எழுதிப் பழகலாம். மறந்த எழுத்தை நினைவுக்குக் கொண்டுவர, சீனர்களே உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்ப்பதுண்டு. தைவானின் கிளவுட் கேட் நடனக் குழுவுக்காக லின் ஹ்வாய்-மின் 2001இல் உருவாக்கிய 'கர்சிவ்', தூரிகை எழுத்தின் ஓட்டத்தையே நடனமாக்கியது.

நமக்கும் இது புதிதல்ல. விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைப்பவர்கள்தானே நாம்? சீனப்பள்ளிக்குப் போகும் பல பிள்ளைகளுக்கு அந்த 'அ' வீட்டில் மட்டுமே கிடைக்கும். அதனால் 'தியென்' முடிந்த கையோடு, அதே கையால் காற்றில் 'வானம்' என்றும் எழுத வையுங்கள்.

இன்று மாலை பிள்ளையிடம், "இன்னிக்கு என்ன எழுத்து படிச்ச? செஞ்சு காட்டு, நானும் கத்துக்கிறேன்" என்று கேளுங்கள். பிள்ளை ஆசிரியராகிவிடும். பத்து நிமிடம் போதும்.