பக் வேண்டாம் என்றேன்

பேத்திக்கு நாய்க்குட்டி வேண்டுமாம். "பக் வாங்கவாப்பா, பொமரேனியன் வாங்கவா?" என்று மகன் கேட்டான். பக் என்றால், 2003-இல் வந்த ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே போகுமே, அந்தச் சப்பை மூக்குக்காரன்.

பக் வேண்டாம் என்றேன். நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக்குக்கு அந்த மூச்சுப் பாதையே குறுகல். எங்கள் தெருவில் ஒன்று இருந்தது. அது குறட்டை விடுவதைப் பார்த்து நாங்களெல்லாம் சிரிப்போம். மூச்சுக்குத் திணறியிருக்கிறது, பாவம். ஒரு சித்திரை மதியம் பிள்ளைகள் மொட்டை மாடியில் அதோடு விளையாடினார்கள். சாயங்காலம் அது இல்லை.

பொமரேனியனும் லேசுப்பட்டதல்ல. (நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான்.) முடி கொட்டும், சீவிவிட வேண்டும். வெயிலில் அதையும் கூட்டிப்போகக் கூடாது. ஆனால் மூக்கு நீளம், மூச்சு தாராளம்.

"குரைத்தால் பக்கத்து ஃபிளாட்காரர் சண்டைக்கு வருவாரேப்பா" என்கிறான். வரட்டும். குரைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் குறைக்கலாம். மூக்கை நீட்ட முடியுமா?

பேத்திதான் என்னோடு இன்னும் பேசவில்லை.